பார்சல் உன்னுடையது, கண் என்னுடையது

துபாய், கராமா
3 ஜனவரி 2025

திருமதி ரம்ஸியா உஸைர் அவர்களுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் நலமறிய அவ்வளவு ஆவல் இல்லை. இருந்தாலும் கடிதம் என்று எழுத உட்கார்ந்தால் கேட்க வேண்டும் என்பதால் கேட்டுவைக்கிறேன்.

நீங்கள் என்னை வாட்ஸ்அப்பில் பிளாக் செய்திருக்கிறீர்கள். நானும் உங்களைச் செய்திருக்கிறேன். முதலில் செய்தது யார் என்ற பேச்சுக்குள் நான் இப்போது போகவில்லை (நீங்கள்தான்). ஆகையால் பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதியதற்குப் பிறகு இப்போதுதான் பேனாவும் தாளுமாக உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் வீட்டுக்காரர் உஸைர் அண்ணன் ஸ்பேர் பார்ட்ஸ் வாங்க அடிக்கடி வந்துபோகிறவர், நேற்று எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். நாளை பஹ்ரைன் திரும்பும்போது இதைக் கொண்டுவந்து தருவார். அவருக்கும் என் வீட்டுக்காரர் அருள்முருகனுக்கும் நம் சண்டை நல்ல பொழுதுபோக்காக இருக்கிறது. கடிதம் கொடுத்துவிடப்போகிறேன் என்றதும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். சிரித்துக்கொள்ளட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். உதயரஞ்சன் துபாய் வருகிறார்.

இந்த வரியைப் படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்திருப்பாய். நானும் அதைத்தான் செய்தேன். (பார், மரியாதை கைநழுவிவிட்டது. போகட்டும், நீ என்றே எழுதுகிறேன். ‘நீங்கள்’ போட்டுப் போட்டு விரல் வலிக்கிறது.)

இந்த மாதம் இருபத்து நான்காம் தேதி, வெள்ளிக்கிழமை மாலை, பர் துபாயில் ஒரு நகைக்கடையைத் திறந்துவைக்கிறார். கடையின் கண்ணாடி ஷோகேஸ் முழுக்க அல் கூஸில் என் வீட்டுக்காரருடைய ஒர்க்‌ஷாப்பில் செய்தவை. அந்தப் பழக்கத்தில் முதலாளி ஒரு பாஸ் கொடுத்திருக்கிறார். வாசலில் நின்று இடிபடுகிற பாஸ் இல்லை. மாடியில் உதயரஞ்சன் டீ குடிக்கப்போகிற அறைக்குள்ளேயே விடுகிற பாஸ். அவருக்கு வயதாகிவிட்டது, சினிமாவில் அப்பா வேஷம் கட்டுகிறார், கடை கடையாகப் போய் ரிப்பன் வெட்டுகிறார் என்று ஊர் பேசுகிறது. பேசட்டும். நமக்கு அவர் உதயரஞ்சன்.

அவரைப் பற்றி வந்த பத்திரிகைகளாக நாம் சேர்த்துவைத்ததை அவர் கண்ணில் காட்ட வேண்டும். அது ஒன்றுதான் என் ஆசை. ஆனால் நான் பஹ்ரைனிலிருந்து துபாய்க்கு வந்தபோது ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரித்துக்கொண்டோமே, அந்தப் பங்கீட்டின் லட்சணத்தைப் பார். அவருக்குக் கல்யாணம் நிச்சயமானது என்னிடம் இருக்கிறது. கல்யாணம் உன்னிடம். குழந்தை பிறந்தது மறுபடி என்னிடம். என் பெட்டியை மட்டும் பார்க்கிறவர் என்ன நினைப்பார்?

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். முக்கியமானது 1989ஆம் வருஷத்துத் ‘திரைச்சாரல்’ பத்திரிகை. அவர் யாரென்றே உலகத்துக்குத் தெரியாத காலத்தில் வந்த அரைப் பக்கம். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார், யாரோ ஒரு ஹேர்டிரஸ்ஸர் அம்மாள் தலை சீவிவிடுகிறாள். அவர் கண்ணாடி போட்ட படம் உலகத்திலேயே அது ஒன்றுதான். அதுதான் நம்மைப் பிரித்தது. குவைத் ஃபர்வானியாவில் மளிகைக்கடை வைத்திருக்கும் உன் நூஹு மாமா உனக்கு டம்ளர் செட் அனுப்பியபோது, உடையாமலிருக்கச் சுற்றி அனுப்பிய பழைய புத்தகம் அது. பார்சல் உன்னுடையது, நான் மறுக்கவில்லை. ஆனால் நீ அதைப் பிரித்து அடுப்புக்கு அடியில் விரிக்கப் போனாய். “அடியே, நில்லு” என்று உன் கையைப் பிடித்தது யார்? கண் என்னுடையது.

ஒரு நாளைக்குக் கொடு. பத்திரமாகத் திருப்பி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
விஜயலட்சுமி அருள்முருகன்
(விஜி)


ஈசா டவுன், பஹ்ரைன்
10 ஜனவரி 2025

விஜிக்கு,

சலாம் சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன். சண்டை வேறு, சலாம் வேறு. அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் தண்ணீர் குடிக்கவில்லை. டீ குடித்தேன். அதுவும் சர்க்கரை போட மறந்து குடித்தேன். அதெல்லாம் உனக்கு எதற்கு.

முதலில் ஒன்றைத் திருத்திக்கொள். நான் அடுப்புக்கு அடியில் விரிக்கப் போகவில்லை. மசாலா டப்பா வைக்கிற தட்டில் விரிக்கப் போனேன். துபாய் போனதும் பொய் சொல்லப் பழகிவிட்டாய்.

என்னைச் சொல்ல நீ யார்? அவருடைய கல்யாண மலரின் அட்டையைக் கிழித்துக் கொண்டுபோய் டைப்பிங் சென்டரில் லேமினேட் பண்ணிக்கொண்டு வந்தவள் நீ. அவர் மூக்குக்கு மேலே காற்று ஏறி ஒரு கொப்புளம். புத்தகம் என்றால் விரலில் தாள் படணும், விஜி. முகர்ந்தால் அச்சு வாசமும் பெட்டி வாசமும் வரணும். நடுவில் அடித்த ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து இரண்டு ஓரத்திலும் பழுப்பாக இறங்கியிருக்கணும். பிளாஸ்டிக்கை முகர்வதற்கு நான் ஷவர் கர்ட்டனை முகர்ந்துகொள்வேனே.

நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து ஆம்பளைகள் சாப்பிட்டுப் படுத்ததும் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுப்போம். மாமா கடையிலிருந்து வந்த புத்தகங்களில் கதாநாயகிகளின் தோளிலும் முதுகிலும் யாரோ கறுப்பு மார்க்கரால் பூசி வைத்திருப்பார்கள். நமக்கு அது வசதியாகப் போயிற்று. கறுப்பு நிழலோடு அவர் மட்டும் ஆடிக்கொண்டிருப்பார். ஒரு பேட்டியில் ஏழு மணிக்கு எழுந்திருப்பேன் என்பார், இன்னொன்றில் ஐந்து மணி என்பார். எது உண்மை என்று அஸர் தொழுகை வரைக்கும் பேசுவோம். இப்போதும் வெள்ளிக்கிழமை பெட்டியை இழுக்கிறேன். தனியாகத்தான். “இந்தச் சட்டையைப் பாருடி” என்று சொல்ல ஆள் இல்லை. சட்டையை நானும் கவனிப்பதில்லை.

சரி, திரைச்சாரல் விஷயம். தர மாட்டேன். கலாஸ். உன் கையில் கொடுத்தால் அவரிடம் கையெழுத்து வாங்குகிறேன் என்று நீட்டுவாய். அவர் தடிப் பேனாவால் கண்ணாடிமேலேயே கிறுக்கிவைப்பார். பின்னாடி பக்கத்துக்கும் மை ஊறும்.

இன்னொரு விஷயம். பாஸ் இரண்டு பேருக்கு என்று உன் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்த நஜீஹா வாப்பா சொன்னார்கள். உன் கடிதத்தை மூன்று தடவை திருப்பிப் பார்த்துவிட்டேன், அது இல்லை. என் புத்தகம் வேண்டும், நான் வேண்டாம். இரண்டாவது ஆள் யார், அருள்முருகன் அண்ணனா? ஹீரோ திரையில் வந்ததும் குறட்டை விடுகிற மனிதர். அவரைக் கூட்டிப் போ. நன்றாக இரு.

ரம்ஸியா


துபாய், கராமா
14 ஜனவரி 2025

ரம்ஸியா,

இன்று பொங்கல். குக்கரில்தான் பொங்கியது. உஸைர் அண்ணனிடம் ஒரு டப்பா கொடுத்திருக்கிறேன். அது நஜீஹாவுக்கு. நீ வேண்டுமானால் மிச்சத்தைச் சாப்பிடலாம்.

பாஸைப் பற்றி நான் எழுதாதது நிஜம். எழுதினால் நான் கூப்பிட்டதாக ஆகிவிடும். கூப்பிட்டு நீ வரமாட்டேன் என்றால் நான் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? நீயாகக் கேட்பாய் என்று விட்டுவைத்தேன். கேட்டிருக்கிறாய். ஆனால் கேட்கிற மாதிரி கேட்கவில்லை, வழக்குப் போடுகிற மாதிரி கேட்டிருக்கிறாய்.

பாஸில் முதல் பெயர் என்னுடையது. அடுத்த கோடு காலியாக இருக்கிறது. இவர் பேனாவை எடுத்துக்கொண்டு வந்தார். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று வாங்கி வைத்துவிட்டேன். இதற்குமேல் நான் இறங்கி வர முடியாது. ஏற்கெனவே தரையில்தான் நிற்கிறேன்.

மசாலா தட்டு என்பதை ஏற்றுக்கொள்கிறேன்.

விஜி


ஈசா டவுன்
20 ஜனவரி 2025

விஜி,

பொங்கலில் முந்திரி குறைவு.

நான் வரவில்லை. விசா எல்லாம் ஒரு விஷயமே இல்லை, போட்டால் வந்துவிடும். ஆனால் நீ கூப்பிடாமல் கோட்டைக் காலியாக விடுவாய், நான் வந்து அதில் உட்கார்ந்துகொள்ள வேண்டுமா? நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் “நீயாகத்தானே வந்தாய்” என்பாய். உன்னை எனக்குத் தெரியாதா.

ஆனால் புத்தகம் வருகிறது. ஏன் என்று கேட்காதே. அவருக்கு உன் பெட்டியை மட்டும் காட்டினால் நிச்சயதார்த்தத்திலிருந்து நேரே குழந்தைக்குப் போய்விடும், பாவம். கல்யாணத்தையும் சேர்த்து வைத்திருக்கிறேன். நஜீஹா வாப்பாவின் சட்டைகளுக்கு நடுவே, துவைத்த தலையணை உறைக்குள் இருக்கிறது. பெட்டியை விமானத்தில் லக்கேஜாகக் கீழே போடக் கூடாது, கையிலேயே வைத்துக்கொள்ளணும் என்று சொல்லியிருக்கிறேன். “இது என்ன, உன் மாமியார் கொடுத்த நகையா?” என்று கேட்டார்கள். நகை என்றால் கீழே போட்டிருப்பேன் என்றேன்.

நீ செய்யக் கூடாதது உனக்கே தெரியும். கையெழுத்து வாங்கக் கூடாது. டேப் ஒட்டக் கூடாது. பின்னை நிமிர்த்தக் கூடாது. துபாயில் எத்தனை டைப்பிங் சென்டர் இருந்தாலும் அந்தப் பக்கமே அதைக் கொண்டுபோகக் கூடாது. எண்ணெய்க் கையோடு யாரும் தொடக் கூடாது. அவரானாலும் சரி, கை கழுவிவிட்டுத் தொடச் சொல். பஜ்ஜி தின்றுவிட்டு அப்படியே வந்து உட்காருவார், நடிகர்தானே என்று நீ பல்லிளித்துக்கொண்டு நிற்பாய். போனது எப்படியோ அப்படியே வந்து சேரணும்.

முடிந்தால் ஒன்று கேள். அவருடைய மூன்றாவது படத்தில் கடைசியில் அந்த டீச்சரம்மாவைக் கட்டிக்கொள்ளாமல் ஏன் ரயில் ஏறிப் போனார்? அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

ரம்ஸியா


துபாய், கராமா
26 ஜனவரி 2025

ரம்ஸியா,

நடந்ததையெல்லாம் ஒழுங்காக எழுத முயற்சி செய்கிறேன். படித்து முடிக்கும்வரை கத்தாதே.

முதலில் இது. நீ அந்தக் கத்தரிப்பூ கலர் புடவையை எடுத்து இஸ்திரி போட்டு, கட்டிலில் விரித்து வைத்திருந்து, பிறகு மடித்து உள்ளே வைத்துவிட்டாய் என்று உஸைர் அண்ணன் சொன்னார். அதைக் கேட்டு நான் அழுதுவிட்டேன். உன்னை வா என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம். எழுதாத என் கையைத்தான் சொல்ல வேண்டும்.

கடை வாசலில் அப்படி ஒரு கூட்டம். நாங்கள் பின்பக்கமாகச் சரக்கு லிஃப்டில் ஏறினோம். இவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார், அதற்காக அவரை நீ கொஞ்ச நாளைக்குத் திட்டக் கூடாது. மாடியில் வாசு என்று ஒருவர், உதயரஞ்சனின் உதவியாளராம், காதில் ஒரு போன் கையில் ஒரு போன். இரண்டு நிமிஷம்தான் என்று சொல்லி உள்ளே விட்டார்.

நம் ஆள் சோபாவில் உட்கார்ந்திருந்தார். உண்மையைச் சொல்கிறேன், வயதாகிவிட்டது. கால் வீக்கத்துக்கு ஷூவைக் கழற்றி வைத்திருந்தார். ஆனால் எழுந்து நின்று கும்பிட்டார் பார், அதே கும்பிடு. பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். அவரும் புரட்டினார். யாரோ தெரியாதவர் வீட்டுக் கல்யாண ஆல்பத்தைப் புரட்டுகிற மாதிரிப் புரட்டினார். “ரொம்ப சந்தோஷம்மா, நல்லா வெச்சிருக்கீங்க” என்றார். லேமினேட் செய்த அட்டையைத் தூக்கிப் பார்த்து, மூக்கில் இது என்ன என்று கேட்டார். நீ பக்கத்தில் இல்லாதது அந்த ஒரு நிமிஷத்துக்கு மட்டும் நல்லதாகப் போயிற்று.

அப்புறம் தலையணை உறையை எடுத்தேன். அவர் கையை நீட்டினார். பக்கத்தில் தட்டில் வடை. “சார், கையைக் கொஞ்சம் கழுவிட்டு வந்துடுங்களேன்” என்று சொல்லிவிட்டேன். அந்த வாசுவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். இவர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். ஆனால் அவர் எழுந்துபோய்க் கழுவி, கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார், ரம்ஸியா. சின்னப் பையன் மாதிரி இரண்டு கையையும் திருப்பிக் காட்டினார்.

நான் பக்கத்தைத் திறந்து மடியில் வைத்தேன். அவர் பார்த்தார். படிக்கிற கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். “அம்மா” என்றார். என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நான் “சொல்லுங்க சார்” என்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

அது ஹேர்டிரஸ்ஸர் இல்லை. அது அவருடைய அம்மா.

அன்றைக்கு அவர் சாப்பிடாமல் ஷூட்டிங்குக்குப் போய்விட்டாராம். அந்த அம்மா தூக்குவாளியில் சோற்றைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்து, தலை கலைந்திருக்கிறதே என்று அங்கேயே பிடித்து உட்காரவைத்துச் சீவிவிட்டார்களாம். பத்திரிகைக்காரர் ஒருவர் எடுத்த படம். மறு வருஷம் அந்த அம்மா காலமாகிவிட்டார்களாம், பிள்ளை பேர் வாங்கியதைப் பார்க்காமலே. வீட்டிலிருந்த நாலைந்து படங்களும் சென்னை வெள்ளத்தில் ஊறிப் போயினவாம். இந்தப் புத்தகம் வந்ததே அவருக்கு ஞாபகம் இல்லை.

நாம் அதை எத்தனை வெள்ளிக்கிழமை பார்த்திருப்போம். அவர் கண்ணாடியைப் பார்த்தோம், காலரைப் பார்த்தோம், கைக்கடிகாரம் என்ன கம்பெனி என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். அந்த அம்மாவின் முகத்தை ஒரு தடவை பார்த்தோமா? அதே மூக்கு. ஒரு சமயம் நான், ஹேர்டிரஸ்ஸரை வெட்டிவிட்டு அவரை மட்டும் ஃபிரேம் போடலாமா என்று கேட்டேன். பின்பக்கத்துக் குறுக்கெழுத்துப் போட்டி பாதியாகிவிடும் என்று நீ விடவில்லை. நல்லவேளை.

இப்போது கேள். அவர் புத்தகத்தை மூடாமலே என்னிடம், “இதை நான் வெச்சுக்கவாம்மா?” என்றார்.

என் கை கொடுக்கத்தான் போயிற்று. அவர் கேட்டு நான் மறுப்பேனா? ஆனால் வாய் வேறு சொல்லிவிட்டது.

“இல்ல சார். இது என்னோடது இல்ல. ஈசா டவுன்ல ரம்ஸியான்னு ஒருத்தி இருக்கா, அவளோடது.”

வாசு பாய்ந்து வந்து, “மேடம், சார் கேக்கறார்” என்றார். அவர் கையைக் காட்டி அடக்கினார். சரி, அவங்களுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்களேன் என்றார். எங்களுக்குள் பேச்சு வார்த்தை இல்லை சார் என்றேன். எதனால் என்று கேட்டார். இந்தப் புத்தகத்தால்தான் என்றேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார், கண்ணில் தண்ணீரோடு. வாசு போனில் படம் எடுத்துக்கொண்டார். ஆனால் போன் படம் போதும் என்று அவர் சொல்லவில்லை. புத்தகத்தைத் தன் கையாலேயே உறைக்குள் போட்டு, மடித்து, என்னிடம் கொடுத்தார். “அந்தம்மாகிட்ட கேட்டுச் சொல்லுங்க” என்றார். இரண்டு நிமிஷம் எப்போதோ தீர்ந்துபோயிருந்தது.

அடுத்த மாதம் உங்கள் மனாமாவில் இதே கடைக்கு இன்னொரு கிளை திறக்க வருகிறாராம். வாசுவின் நம்பரைப் பின்னால் எழுதியிருக்கிறேன். டீச்சரம்மாவைப் பற்றியும் கேட்டேன். அந்த நடிகைக்கு மறுநாள் வேறு ஷூட்டிங், அதனால் ரயில் ஏற்றிவிட்டார்களாம்.

புத்தகத்தை அப்படியே திருப்பி அனுப்புகிறேன். பார்சல் உன்னுடையது, கண் என்னுடையது என்று இத்தனை நாளும் சண்டை போட்டேன். என் கண் பார்த்த லட்சணம் தெரிந்துவிட்டது. இனி அதில் எனக்குப் பங்கு கிடையாது. கொடுப்பதும் வைத்துக்கொள்வதும் உன் இஷ்டம்.

விஜி


ஈசா டவுன்
1 பிப்ரவரி 2025

என் விஜி,

படித்து முடிக்கும்வரை கத்தாதே என்று எழுதியிருந்தாய். பாதியிலேயே கத்திவிட்டேன். நஜீஹா வாப்பா கேஸ் தீப்பிடித்துவிட்டதென்று ஓடி வந்தார்கள்.

உதயரஞ்சன் வாய்விட்டு ஒரு பொருளைக் கேட்கிறார், நீ இல்லை என்கிறாய். உனக்கு மூளை இருக்கிறதா? இருபது வருஷமாகப் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதது எதற்கு? வல்லாஹி, நான் அங்கே இருந்திருந்தால் உன் தலையில் குட்டிவிட்டு இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்திருப்பேன்.

நீ மட்டும் என்னைக் கேட்காமல் கொடுத்திருந்தால் நான் மவுத்தாகும் வரைக்கும் உன் முகத்தில் முழித்திருக்க மாட்டேன். அதுவும் உண்மை. இரண்டும் உண்மை. என்னை என்ன செய்யச் சொல்கிறாய்?

கத்தி முடித்துவிட்டு உறையைப் பிரித்துப் படத்தைப் பார்த்தேன். முதல் தடவையாக அவரை விட்டுவிட்டு அந்த உம்மாவைப் பார்த்தேன். ஒரு கையில் சீப்பு. இன்னொரு கையால் அவர் தாடையைப் பிடித்திருக்கிறார்கள், தலையைத் திருப்பாமல் இருக்க. நஜீஹாவுக்குப் பள்ளிக்கூடம் போகும்போது நான் பிடிப்பேனே, அதே பிடி. எந்த ஹேர்டிரஸ்ஸர் அப்படித் தாடையைப் பிடிப்பாள்? பிள்ளை பெற்ற இரண்டு பேருக்கு இது தெரியாமல் போயிற்றே. பார்க்கப் பார்க்க எனக்கு என் உம்மா ஞாபகம் வந்து, உட்கார்ந்து அழுதேன்.

பங்கு கிடையாது என்று பெரிய மனுஷி மாதிரி எழுதியிருக்கிறாய். அதைச் சொல்ல நீ யார்? கண் எனக்கும்தான் குருடு. நீ கையைப் பிடிக்காமல் இருந்திருந்தால் அந்த உம்மா இன்றைக்கு என் மஞ்சள்தூள் டப்பாவுக்கு அடியில் கிடந்திருப்பார்கள். என்னுடையது என்று அவரிடம் சொன்னாயாமே. என்னுடையது இல்லை. நம்முடையது. பேச்சு இல்லாதபோதும் நீ அதை விட்டுக்கொடுக்காமல் நின்றாயே, அதற்குப் பிறகு நான் எப்படித் தனியாக வைத்துக்கொள்வேன்?

கொடுத்துவிடலாம், விஜி. எனக்கு மனசே இல்லை. பொய் சொல்ல மாட்டேன், நேற்று முழுக்கக் கொடுக்காமலிருக்க ஒரு காரணம் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. அவருடைய உம்மாவை நாம் வைத்துக்கொண்டு என்ன செய்வது? நல்ல கலர் ஜெராக்ஸ் ஒன்று எடுத்துக்கொள்வோம். அதை நீ லேமினேட் பண்ணிக்கொள், நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

வாசுவுக்கு நானே போன் போட்டேன். மனாமா கடை திறப்பு இருபத்தொன்றாம் தேதி. பாஸில் இரண்டு பெயரும் எழுதியாகிவிட்டது, காலிக் கோடு எதுவும் இல்லை. நீ வா. கூப்பிடுகிறேன், வெட்கமில்லாமல் கூப்பிடுகிறேன். நீ இல்லாமல் இந்த ஊர் எனக்கு நன்றாக இல்லை. உன் பெட்டியைக் கொண்டு வா, அண்ணனையும் கூட்டி வா. அவர் ஹாலில் தூங்கட்டும். நாம் உள்ளே நிச்சயதார்த்தத்தையும் கல்யாணத்தையும் குழந்தையையும் வரிசையாக வைப்போம்.

அன்றைக்குப் புத்தகத்தை ஆளுக்கு ஒரு ஓரம் பிடித்து அவர் கையில் கொடுப்போம். ஆனால் பேசுவது நான். நீ ஏற்கெனவே அவரோடு உட்கார்ந்து பேசி முடித்துவிட்டாய். வாயைத் திறக்காமல் பக்கத்தில் நில்.

உன்
ரம்ஸியா